டென்ஷன், தூக்கமில்லை... எசென்ஷியல் ஆயிலை எப்படி யூஸ் பண்றது? கழுத்துல தடவி எரிஞ்சு போச்சு

திருப்பூர் வித்யா

வணக்கமுங்க. நான் திருப்பூர்ல ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்கறேன், பத்து வருசமாச்சு. மாசா மாசம் 11ஆம் தேதி ஒரு ஜிஎஸ்டி ரிட்டர்ன், 20ஆம் தேதி ஒரு ரிட்டர்ன், நடுவுல ஷிப்பிங் பில் மேட்ச் ஆகலைன்னு ரீஃபண்ட் நிக்கும், ஆடிட்டர் ஆஃபீஸ்ல இருந்து போன் வந்துட்டே இருக்கும். வீட்டுக்கு வந்து படுத்தா கண்ணை மூடினாலும் கணக்கு போடற டேலி ஸ்கிரீன்தான் தெரியுதுங்க. ரெண்டு மணி வரைக்கும் புரண்டு புரண்டு படுத்துட்டு, காலைல ஆறு மணிக்கு பாப்பாவை எழுப்பி ஸ்கூலுக்கு கிளப்பணும்.

போன மாசம் நாத்தனார் ஷார்ஜால இருந்து வந்தப்ப ஒரு பெட்டி குடுத்தாங்க, சின்னச் சின்னதா ஆறு பாட்டில், லாவெண்டர், பெப்பர்மின்ட், லெமன்கிராஸ், டீ ட்ரீ, ஆரஞ்சு, யூகலிப்டஸ். டென்ஷனுக்கு ரொம்ப நல்லது அண்ணி, பிடறில தேய்ச்சுட்டு படுங்கன்னு சொன்னாங்க. ஒரு வீடியோலயும் அப்படித்தான் தடவுனாங்க. எனக்கு லெமன்கிராஸ் வாசம் ரொம்ப புடிக்கும், அதனால அதையே நாலு சொட்டு எடுத்து பிடறில அப்படியே தேய்ச்சேன். அஞ்சு நிமிசத்துல எரிய ஆரம்பிச்சுருச்சு. தண்ணி ஊத்திக் கழுவினேன், எரிச்சல் கூடுச்சே ஒழிய குறையல. காலைல பாத்தா உள்ளங்கை அகலத்துக்கு செவப்பா தடிச்சிருக்கு, சுடிதார் கழுத்து உரசினாலே கண்ணுல தண்ணி வருதுங்க.

வீட்டுக்காரர் ஆசையா ஒரு டிஃப்யூசர், இந்த வாசத்தை ரூம் பூரா பரப்புற மெஷின், வேற வாங்கிட்டு வந்துட்டார். ஆனா வீட்ல மூன்றரை வயசுல பாப்பா இருக்கா, மாமியாருக்கு வீசிங் இருக்கு, இன்ஹேலர் அடிக்கறாங்க. இதுல நெசமாவே ஏதாவது பலன் இருக்குதுங்களா, இருந்தா எப்படித்தான் யூஸ் பண்றது, தெரிஞ்சவங்க கொஞ்சம் வெவரமா சொல்லுங்க. அந்த வாசம் எனக்கு மனசுக்கு இதமா இருக்குதுங்க, அதனாலதான் தூக்கிப் போட மனசு வரல.

செந்தில் சோப்பு

வித்யா மேடம், முதல்ல அந்தத் தடிப்பு. இனிமே எப்பவாவது இப்படி ஆச்சுன்னா தண்ணிய ஊத்தாதீங்க. அது எண்ணெய், தண்ணில கரையாது, தண்ணி பட்டா இன்னும் பரவத்தான் செய்யும். தேங்காய் எண்ணெய் ஊத்தி பஞ்சால துடைச்சு எடுங்க, ரெண்டு மூணு தடவை துடைச்சுட்டு அப்புறம் சோப்பு போட்டு கழுவுங்க. இப்ப அந்த இடத்துல வாசனை உள்ள க்ரீம், பவுடர் எதுவும் போட வேண்டாம். மூணு நாள்ல அடங்கலன்னா, கொப்புளம் கிளம்பினா, தோல் டாக்டர்கிட்ட காட்டிடுங்க.

நான் புதுச்சேரில வீட்டுலயே சோப்பு, மசாஜ் ஆயில் பண்ணி விக்கிறேன், எட்டு வருஷமா. நான் பாத்ததுல பத்துக்கு எட்டு பேர் நீங்க பண்ணின அதே தப்பைத்தான் பண்றாங்க. பாட்டில்ல "ஆயில்"னு போட்டிருக்குறதால நம்ம வீட்டு நல்லெண்ணெய் மாதிரி நினைச்சுடறாங்க. இது அந்த எண்ணெய் இல்லை, செடியோட வாசனையை மட்டும் பிரிச்சு எடுத்த வீரியமான சாறு. லெமன்கிராஸ்ல முக்கால் பங்கு சிட்ரால்தான், அந்த எலுமிச்சை வாசமே அதுதான், அது தோலை நல்லாவே கடிக்கும். நேரா தோல்ல வைக்கவே கூடாத லிஸ்ட்ல அது முன்னாடி நிக்கும்.

கணக்கு சொல்றேன், நீங்க அக்கவுண்ட்ஸ் ஆளு, டக்குன்னு புரியும். ஒரு மில்லி சுமார் இருபது சொட்டு. அப்ப 10 மில்லி தேங்காய் எண்ணெய் 200 சொட்டு. அதுல எசென்ஷியல் ஆயில் ரெண்டு சொட்டு விட்டா ஒரு பர்சன்ட், நாலு சொட்டு விட்டா ரெண்டு பர்சன்ட். தினமும் தடவுறதுக்கு ஒரு பர்சன்ட் தாராளம். முகத்துக்குன்னா அதுலயும் பாதி. நீங்க போட்டது நூறு பர்சன்ட், அதான் எரிஞ்சிருக்கு. தேங்காய் எண்ணெய் மார்கழில உறைஞ்சுடும்னா பாதாம் எண்ணெய் எடுத்துக்கங்க, நல்லெண்ணெய் வேண்டாம், அதோட வாசமே தூக்கலா இருக்கும், லாவெண்டர் அதுல காணாம போயிடும். கலக்கினதை முழங்கை உள்பக்கம் ஒரு பொட்டு வச்சு ஒரு நாள் விட்டுப் பாருங்க, ஒண்ணும் ஆகலன்னா அப்புறம் மத்த இடம். ஆனா தடிப்பு முழுசா ஆறுற வரைக்கும் இந்த டெஸ்ட்டும் வேண்டாம்.

உங்க ஆறு பாட்டில்ல ராத்திரிக்கு நான் எடுத்து வைக்கிறது லாவெண்டரும் ஆரஞ்சும் மட்டும்தான். பெப்பர்மின்ட் முழிக்க வைக்கும், அது மத்தியானம் ஆஃபீஸ்ல தலை பாரமா இருக்கறப்ப மோந்து பாக்குறதுக்கு. இன்னொண்ணு, எலுமிச்சை, பெர்கமாட் (அதுவும் எலுமிச்சை ஜாதிப் பழம்தான்) மாதிரி ஆயிலைத் தோல்ல தடவிட்டு வெயில்ல போகக் கூடாது, வெயில் பட்ட இடம் வெந்துபோன மாதிரி கருத்துடும், மாசக்கணக்குல அந்தத் தடம் போகாது. எங்கிட்ட சோப்பு வாங்குற ஒரு அக்கா தோள்ல அப்படி ஒரு தடம் இன்னும் இருக்கு.

குன்னூர் ஜெனி

அக்கா உங்க போஸ்ட்ட படிச்சதும் எங்க அப்பா ஞாபகம் வந்துடுச்சு. நாங்க குன்னூர் பக்கம், எங்க வீட்டுக்குப் பின்னாடிதான் தைலம் காய்ச்சுற கொட்டாய். யூகலிப்டஸ எங்க ஊர்ல கற்பூர மரம்னுதான் சொல்லுவோம். அது நம்ம ஊரு மரமே இல்லை, 1843 வாக்குல ஆஸ்திரேலியால இருந்து வெள்ளைக்காரங்க விறகுக்காகக் கொண்டு வந்து வச்சது. மலை பூரா பரவி, தைலம்னாலே ஊட்டின்னு ஆகிப்போச்சு.

காட்டுல பொம்பளைங்க சருகு பெருக்கி சாக்குல கட்டி தலைச்சுமையா கொண்டாந்து போடுவாங்க. பெரிய செம்பு அண்டா, அதுல இலைய திணிச்சு, மிதிச்சு, தண்ணி விட்டு, மூடிய களிமண்ணு வச்சுப் பூசிடுவாங்க. அடில எரிக்கறதும் முன்னாடி காய்ச்சி முடிச்ச சக்கை இலைதான். ஆவி குழாய் வழியா தண்ணித் தொட்டிக்குள்ள போய் குளுந்து சொட்டு சொட்டா விழும், தண்ணி கீழ, தைலம் மேல மிதக்கும். நூறு கிலோ இலைக்கு ஒரு கிலோ, மிஞ்சினா ஒன்றரை கிலோ தைலம். அதனாலதான் சொல்றேன் அக்கா, உங்க கைல இருக்கற அந்த குட்டி தைல பாட்டில்ல பத்து மில்லி இருந்தாலே அது கிட்டத்தட்ட ஒரு கிலோ இலையோட சாறு. எங்க அப்பா கைல தைலம் பட்டா உடனே துடைச்சுக்குவார், எங்களைக் கொட்டாய் பக்கமே விட மாட்டார், கண்ணு எரியும் போங்கம்பார். அவ்வளவு வருஷம் காய்ச்சினவர் சளிக்கு எங்களுக்கு என்ன பண்ணுவார் தெரியுமா, கைக்குட்டை ஓரத்துல ஒரே ஒரு சொட்டு, அதைத் தலையணைக்கு ஒரு முழம் தள்ளி வைப்பார். அவ்வளவுதான்.

நீங்களும் அப்படியே பண்ணிப் பாருங்க. டிஃப்யூசர் எல்லாம் வேண்டாம், மாமியார் இருக்காங்க. ஒரு கைக்குட்டைல லாவெண்டர் ஒரு சொட்டு விட்டு உங்க கட்டில் பக்கம் மட்டும் வச்சுக்கங்க. யாருக்கும் தொந்தரவு இல்ல.

மதுரை சிஸ்டர்

வித்யா தங்கச்சி, நான் மதுரைல குழந்தைகள் வார்டுல நர்ஸா இருக்கேன், பதினாலு வருசம். மத்ததெல்லாம் அப்புறம் படி, மொதல்ல எந்திரிச்சுப் போயி அந்தப் பெட்டிய பீரோவுக்குள்ள வச்சுப் பூட்டிட்டு வா. மூன்றரை வயசுப் பிள்ளை வீட்ல இருக்குன்னு நீ எழுதுனத படிச்சதுல இருந்து எனக்கு மனசு கெடந்து அடிச்சுக்குது.

ரெண்டு வருசத்துக்கு முன்னாடி ஒரு பயல கொண்டாந்தாக, ரெண்டு வயசு. ஜன்னல் திண்டுல தைல பாட்டில் இருந்துருக்கு, எடுத்து வாய்ல கவுத்துட்டான். பாட்டி பதறிப்போயி உப்புத் தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வச்சுருக்காக. நல்லதுக்குத்தேன் பண்ணாக பாவம், ஆனா அதுதேன் பெரிய தப்பா போச்சு, வாந்தி வரும்போது எண்ணெய் நுரையீரலுக்குள்ள போயிருச்சு. எங்ககிட்ட வரும்போது பிள்ளை கண்ணு சொருகிக் கெடக்கான், வாய்ல தைல வாடை அடிக்குது, டேபிள்ல படுக்க வச்ச அஞ்சாவது நிமிசம் வெட்டு, அதேன் வலிப்பு, வந்துருச்சு. ஆறு நாள் ஐசியூல இருந்தான். பொழச்சுட்டான், இப்ப நல்லாருக்கான், ஆனா அவுக அம்மா அந்த கட்டிலுக்குக் கீழ உக்காந்திருந்த கோலம் எனக்கு இன்னைக்கும் கண்ணுக்குள்ளயே நிக்குது.

யூகலிப்டஸ் தைலம் ஒரு டீஸ்பூன், அஞ்சு மில்லி உள்ள போனா சின்னப் பிள்ளைக்கு ஆபத்து. கற்பூரம் அதவிட மோசம். அப்படி ஏதும் ஆயிட்டா வாந்தி எடுக்க வைக்காதீக, பால் குடுக்காதீக, 108க்குப் போன் பண்ணுங்க, பாட்டில கையோட கொண்டு வாங்க, எங்களுக்கு என்ன குடிச்சுருக்குன்னு தெரியணும்.

இன்னொன்னு, இது எல்லா அம்மாமாருக்கும். சளி பிடிச்சா தேங்காய் எண்ணெய்ல கற்பூரத்தப் போட்டுக் காச்சி நெஞ்சுல தேக்கிறது நம்ம வீடுகள்ல உள்ள பழக்கம், துணில கற்பூரம் முடிஞ்சு தொட்டில்ல கட்டி வைக்கிறதும் உண்டு. ரெண்டு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைக்கு இது வேணவே வேணாம். தோல் வழியாவும் கற்பூரம் உள்ள போகும், வெட்டு வரும். பெரியவுகளுக்கும் வந்துருக்கு, பெங்களூர்ல நரம்பு டாக்டர்க இதப் பத்தி கட்டுரையே எழுதியிருக்காக, யூகலிப்டஸும் கற்பூரமும் உள்ள தைலம் தேச்சு, மோந்து, வலிப்பு வந்தவுகளப் பத்தி. வலிப்பு ஏற்கெனவே உள்ளவுக இந்த ரெண்டையும் கிட்டயே சேக்காதீக. பெப்பர்மின்டயும் சின்னப் பிள்ளை மூக்கு கிட்ட, முகத்துல தடவாதீக, மூச்சு பிடிச்சுக்கும்.

மாமியார் விசயம். வீசிங் உள்ளவுகளுக்கு எந்த வாசனையும் ஆகாம போகலாம், அது ஒரிஜினலா டூப்ளிகேட்டாங்குறது கணக்கே இல்ல. ஊதுபத்தி, சாம்பிராணி, டிஃப்யூசர் எல்லாம் ஒன்னுதேன். அவுக இருக்குற வீட்ல டிஃப்யூசர் ஓட்டாத. ஜெனி சொன்ன கைக்குட்டைதேன் சரி.

திருப்பூர் வித்யா

சிஸ்டர், படிச்சுட்டு கை நடுங்கிருச்சுங்க. பெட்டி டிவி ஸ்டேண்டு மேலதான் இருந்துச்சு, பாப்பா சேர் போட்டு ஏறுனா எட்டற உயரம். இப்ப பீரோ மேல் தட்டுல வச்சுப் பூட்டிட்டேன். சாவி எங்கிட்ட இருக்கு. டிஃப்யூசரை திருப்பிக் குடுத்துடலாம்னு வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டேன், அவருக்கு கொஞ்சம் வருத்தம், ஆனா மாமியார் வீசிங்னு சொன்னதும் சரின்னுட்டார். செந்தில் அண்ணா சொன்ன மாதிரி தேங்காய் எண்ணெய் வச்சுத் துடைச்சேன், எரிச்சல் பாதி கொறஞ்சுருச்சுங்க. ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும்.

ஆனா என்னோட முதல் கேள்வி அப்படியே நிக்குது. இது நெசமாவே மனசுக்கு வேலை செய்யுதா, இல்ல நாமளா நினைச்சுக்கறதா?

யாழ் துளசி

வணக்கம் வித்யா அக்கா. நான் யாழ்ப்பாணம், இப்ப வேலைக்குக் கொழும்பிலை இருக்கிறன். எங்கடை பக்கம் கறுவா (நீங்கள் பட்டை எண்டு சொல்லுறது) எண்ணெய் நல்லா கிடைக்கும். போன வருசம் தோள் மூட்டு நோவுக்கு ஒரு ஆள் சொன்னார் எண்டு கறுவாப்பட்டை எண்ணெயை அப்பிடியே பூசினனான், தோல் உரிஞ்சு போச்சுது. கறுவாவும் கராம்பும் லெமன்கிராஸை விடக் கடுமையானது, ஒருக்காலும் நேரை பூசாதேங்கோ. இப்ப நான் நித்திரைக்கு முதல் சுடுதண்ணியிலை காலை வைச்சிருந்திட்டு, பாதத்துக்கு மட்டும் லாவெண்டர் கலந்த தேங்காய் எண்ணெய் கொஞ்சம் தேய்க்கிறனான். எண்ணெயாலையோ சுடுதண்ணியாலையோ தெரியாது, ஆனா அந்தக் கால் மணித்தியாலம் ஃபோனைக் கையிலை எடுக்கிறேல்லை, அது எனக்கு நல்லா இருக்கு.

பாஸ்கர் பெரம்பூர்

வித்யா மேடம் கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிஞ்சதை சொல்றேன், நான் ஃபார்மா கம்பெனில இருந்து ரிட்டையர் ஆனவன்.

மத்த புலன் எல்லாம் மூளைக்குள்ள ஒரு ஜங்ஷன்ல நின்னு போகும், வாசனை மட்டும் அந்த ஜங்ஷன்ல நிக்காம நேரா பயம், சந்தோஷம், ஞாபகம் இதெல்லாம் இருக்கற பகுதிக்குப் போயிடும். அதனாலதான் கல்யாண வீட்டு மல்லிப்பூ வாசம் வந்தா இருபது வருஷத்துக்கு முந்தின நாள் கண்ணு முன்னாடி வந்து நிக்குது. இது நாமளா நினைச்சுக்கறது இல்லை.

ஆனா லாவெண்டர் மோந்தா டென்ஷன் குறையும்னு வந்த ஆராய்ச்சியில நிறைய சின்னச் சின்னது. அதுல ஒரு அடிப்படைச் சிக்கல் இருக்கு. மாத்திரைல நிஜத்தையும் வெறும் மாவையும் ஆளுக்குத் தெரியாம மாத்திக் குடுக்கலாம், வாசனைல அது எப்படி முடியும், மோந்தவங்களுக்குத் தெரிஞ்சுடுமே. ஜெர்மனில லாவெண்டர் எண்ணெயை கேப்ஸ்யூலா அளந்து குடுத்து பதட்டத்துக்கு சோதனை பண்ணியிருக்காங்க, அதுல ஓரளவு பலன் வந்திருக்கு, ஆனா அது மருந்தா தயாரிச்சது. அதைக் கேட்டுட்டு பாட்டில்ல இருக்கறதைத் தண்ணில விட்டுக் குடிக்கக் கூடாது, தயவு செஞ்சு.

என் அனுபவம், ஒரே வாசனையை தினம் தூங்கப் போற நேரத்துல மட்டும் வச்சா பத்து பதினஞ்சு நாள்ல உடம்பு அதைப் பழகிக்குது, இந்த வாசம் வந்தா இனி வேலை இல்லன்னு. அதனால அந்த லாவெண்டரை ஆஃபீஸ்ல மோக்காதீங்க. ஆஃபீஸ்க்கு வேற, ராத்திரிக்கு வேற.

இன்னொண்ணு மனசார சொல்றேன். நானும் நாலு மாசம் தூங்காம இருந்தேன், வேலை டென்ஷன்னு நானே முடிவு பண்ணிக்கிட்டு அமிர்தாஞ்சன், தைலம், அஸ்வகந்தான்னு ஓட்டினேன். படபடப்பு, எடை வேற ஏழு கிலோ குறைஞ்சுது. கடைசில பாத்தா தைராய்டு. ஒரு ரத்தப் பரிசோதனைல தெரிஞ்சிருக்க வேண்டியது. உங்களுக்கு எத்தனை மாசமா இப்படி இருக்குன்னு நீங்க எழுதல. ஒரு மாசத்துக்கு மேல வாரத்துல பாதி நாள் இப்படின்னா ஒரு டாக்டரைப் பாருங்க, தைராய்டு, ஹீமோகுளோபின் ரெண்டும் பாத்துடுங்க. மனசு விட்டுப் பேசணும்னா டெலி மானஸ் 14416க்கு போன் பண்ணுங்க, கவர்மென்ட்டோடது, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம். ராத்திரி ரெண்டு மணிக்கும் எடுப்பாங்க.

சேலம் கவி

நடுவுல வர்றேன் மன்னிச்சுக்கோங்க. எனக்கு லாவெண்டர் வாசமே ஆகாது, ஏதோ பாத்ரூம் கிளீனர் மாதிரி தோணுது. மதுரை மல்லி எசென்ஷியல் ஆயில்னு 15 மில்லி 250 ரூபாய்க்கு ஆன்லைன்ல இருக்கு, வாங்கலாமா? சந்தன எண்ணெயும் அதே விலைக்குப் போட்டிருக்காங்க. எங்க வீட்ல பூனை ஒண்ணு இருக்கு, அதுக்கு ஏதும் ஆகுமா?

செந்தில் சோப்பு

கவி, ரெண்டுமே வாங்காதீங்க. மல்லிப்பூவை தைலம் காய்ச்சுற மாதிரி ஆவில காய்ச்ச முடியாது, அந்தச் சூட்டுல வாசம் செத்துடும். நிலக்கோட்டை, சத்தியமங்கலம் பக்கம் ஃபேக்டரில பூவை கரைப்பான்ல ஊற வச்சு மெழுகு மாதிரி ஒண்ணு எடுப்பாங்க, அதுக்கு கான்க்ரீட்னு பேரு. அது ஒரு கிலோ வர நூத்துக்கணக்கான கிலோ பூ வேணும். அதை ஸ்பிரிட்ல கரைச்சு மெழுகைப் பிரிச்சாதான் அப்சொல்யூட், அதாவது சுத்தமான மல்லி வாசனைச் சாறு. சந்தன எண்ணெய் கிலோ லட்சத்தைத் தாண்டும். இதெல்லாம் 250 ரூபாய்க்கு எப்படிங்க வரும்? அது ஃப்ராக்ரன்ஸ் ஆயில், ஃபேக்டரில கலந்த சென்ட். சென்ட்டுன்னு சொல்லி வித்தா குத்தமில்ல, எசென்ஷியல் ஆயில்னு எழுதறதுதான் எனக்கு வயித்தெரிச்சல். வாங்கும்போது பாட்டில்ல செடியோட தாவரப் பேர், எந்த நாடு, பேட்ச் நம்பர் இருக்கான்னு பாருங்க. எல்லா பூவும் ஒரே விலைன்னு ஒருத்தன் வித்தா அங்க இருந்து கிளம்பிடுங்க.

பூனை இருந்தா டீ ட்ரீ வீட்டுக்குள்ளயே வேண்டாம். பூனை ஈரலுக்கு இந்தச் சரக்கை எல்லாம் உடைச்சு வெளிய தள்ளத் தெரியாது, அது உடம்புல பட்டதை நக்கியே சாப்பிட்டுடும்.

லாவெண்டர் ஆகலன்னா ஏன் லாவெண்டரையே கட்டிக்கிட்டு அழணும்? எங்க பக்கத்துல கடலூர் கடற்கரை மணல்ல வெட்டிவேர் போடறாங்க. அந்த வேரைக் காய்ச்சறதுக்கு ஒரு பகல் ஒரு ராத்திரி கூட ஆகும், எண்ணெய் தேன் மாதிரி கெட்டியா வரும், மழை பெஞ்ச மண்ணு வாசம். ராத்திரிக்கு எனக்கு அதைவிட எதுவும் இல்லை. எண்ணெய் விலை அதிகம்னா வேரையே நாட்டு மருந்துக் கடைல வாங்கி ஒரு பிடி துணில முடிஞ்சு தலைமாட்டுல போடுங்க, காஞ்சு போனா லேசா தண்ணி தெளிங்க, திரும்ப வாசம் வரும்.

குன்னூர் ஜெனி

மருக்கொழுந்தும் நல்லா இருக்கும் கவி அக்கா, பூக்கடைல நாலு கொத்து வாங்கி தலையணை உறைக்குள்ள போட்டுப் பாருங்க. இதை வெளிநாட்டுல தவனம் ஆயில்னு சென்ட் கம்பெனிங்க வாங்கறாங்க, அது நம்ம தென்னிந்தியால இருந்துதான் போகுது.

திருப்பூர் வித்யா

மூணு வாரம் கழிச்சு வர்றேனுங்க, 20ஆம் தேதி முடிஞ்சப்பறம்தான் மூச்சு விட நேரம் கெடச்சுது.

கழுத்து ஆறிருச்சு, லேசா ஒரு கருப்புத் தடம் மட்டும் இருக்கு. பாஸ்கர் சார் சொன்னதைக் கேட்டு ரத்தம் குடுத்துப் பாத்தேன், தைராய்டு நார்மல், ஹீமோகுளோபின்தான் கம்மி, 9.2. டாக்டர் அயர்ன் மாத்திரை எழுதிக் குடுத்திருக்காங்க, இத்தனை நாள் படி ஏறினா நெஞ்சு அடிச்சுக்கறதுக்கு நான் டென்ஷன்னே நெனச்சுட்டு இருந்தேனுங்க. சொன்னதுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல சார்.

ராத்திரிக்கு இப்ப நான் பண்றது இதுதான். ஒன்பதரைக்கு பாப்பா தூங்குனதும் போனை ஹால்ல சார்ஜ்ல போட்டுடறேன். பீரோவைத் திறந்து லாவெண்டர் ஒரே ஒரு சொட்டு கைக்குட்டைல விட்டு, பாட்டிலை உள்ள வச்சுப் பூட்டிட்டு, அந்தக் கைக்குட்டைய என் கட்டில் ஓரத்துல வச்சுட்டு அப்படியே உக்காந்து பத்து நிமிசம் மூச்சை இழுத்து விடறேன். முதல் வாரம் ஒண்ணுமே தெரியலைங்க, டேலி ஸ்கிரீன்தான் ஓடுச்சு. ரெண்டாவது வாரம் ஒரு நாள் கைக்குட்டைய எடுத்ததுமே கொட்டாவி வந்துருச்சு. 18, 19, 20 மூணு நாளும் தூக்கமில்ல, அது வாசனைல சரியாகற விசயம் இல்லைன்னு எனக்கே தெரியுது. முதலாளிகிட்ட பேசி ஒரு பொண்ணைக் கூடப் போடச் சொல்லிக் கேட்டிருக்கேன், பாக்கலாம்னு சொல்லியிருக்கார்.

மாமியாருக்கு இந்த வாசம் எட்டறதில்லைங்க, அவங்க ரூம் கதவு சாத்தித்தான் இருக்கு. வெட்டிவேர் முடிச்சு ஒண்ணு அவங்களே கேட்டு வாங்கிக்கிட்டாங்க, தண்ணிப் பானைல போடறதுக்கு, சின்ன வயசுல அவங்க அம்மா போடுவாங்களாம். பாப்பா இப்ப அந்தத் தண்ணிதான் வேணும்னு அடம் புடிக்கறா.

ஒரே ஒரு சந்தேகம். ஆரஞ்சு பாட்டில் வாசம் மாறின மாதிரி இருக்கு, நாத்தனார் வீட்ல அது எவ்வளவு நாள் இருந்துச்சோ தெரியல, பெயின்ட் வாடை மாதிரி அடிக்குது. அதை வச்சுக்கலாங்களா?

செந்தில் சோப்பு

வேண்டாம் மேடம். ஆரஞ்சு, எலுமிச்சை ஆயில் எல்லாம் திறந்து ஒரு வருஷம் தாண்டினா காத்து பட்டுக் கெட்டுடும், கெட்டுப்போனதுதான் தோல்ல அலர்ஜி அதிகமா கிளப்பும். லாவெண்டரும் பழசானா அப்படித்தான். ஸ்டிக்கர்ல பிசுக்கு ஒட்டியிருந்தா அதை எடுக்க ரெண்டு சொட்டு யூஸ் பண்ணிக்கங்க, கைல கிளவுஸ் போட்டு. மீதிய மூடி இறுக்கி மூடி, பாப்பா கை படாம குப்பைல போட்டுடுங்க. லாவெண்டர் பாட்டில் மேல திறந்த தேதிய இன்னைக்கே எழுதி ஒட்டிடுங்க.

மதுரை சிஸ்டர்

9.2க்கு மூணு மாசமாவது விடாம மாத்திரை சாப்பிடணும் தங்கச்சி, நடுவுல நிறுத்திராத. காப்பி, டீயோட சேத்துப் போடாத, ஒரு மணி நேரமாவது தள்ளிப் போடு. அந்த மாத்திரையும் பீரோக்குள்ளதேன் இருக்கணும், இரும்புச்சத்து மாத்திரைய பிள்ளைக முட்டாயின்னு எடுத்துத் தின்னு வர்றதையும் நான் பாத்துருக்கேன்.

திருப்பூர் வித்யா

இப்பவே எடுத்து வச்சுட்டேனுங்க சிஸ்டர். ஃப்ரிட்ஜ் மேல இருந்துச்சு.